முதலில் நிற்கும் காரணம்

அக்கா அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் ஒரு பெட்டியாக நடித்துக் காட்டினாள். இரண்டு உள்ளங்கைகளையும் காதோரம் வைத்து முகத்தைச் சதுரமாக்கிக்கொண்டாள். பிறகு தலையை இடமும் வலமுமாக விறுவிறுவென்று ஆட்டி, "காரணம் சொல்லாம போக முடியாது, போக முடியாது" என்று மூக்கால் பேசினாள். அத்தான் இடுப்புவலியையும் மறந்து சிரித்தார். அக்காவின் மகள் தண்ணீர் புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். தங்கை மட்டும் வாயில் வைத்த சோற்றை மென்றுகொண்டே இருந்தாள்.

அக்கா ஒரு பெரிய அலுவலகத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்பவள். யாரோ விற்று யாரோ வாங்கிய பொருளுக்கு யாரோ திட்டுவதை நாள் முழுக்கக் காதில் வாங்கி, தேனாகப் பதில் பேசுவது அவள் வேலை. கொஞ்ச நாளாக அங்கே ஒரு புதிய வழக்கம். இருக்கையை விட்டு எழுந்து போய்த் திரும்பினால் திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கும். எங்கே போனாய் என்று கேட்கும். பட்டியலில் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்து, விவரமும் எழுதினால்தான் நகரும். எழுதி முடிக்கும்வரை அடுத்த அழைப்பை எடுக்க முடியாது. மேலே உட்கார்ந்திருப்பவர்களின் திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி எரியும். இந்தக் கண்றாவிக்குப் பயந்து அக்கா காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். வந்த மூத்திரத்தையும் அடக்கினாள். அடிவயிற்றில் சீழ் பிடித்தது போல வலி வந்து, காய்ச்சலில் நடுங்கி, மருத்துவரிடம் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"கேட்டுத் தொலைக்கட்டும், அதுகூடப் பரவாயில்ல" என்றாள் அக்கா. "எதையும் எழுதாம மூடப் பார்த்தா ஒரு ஆட்டு ஆட்டுது பாரு தலையை, அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. என்னைப் பார்த்து ச்சீ போங்குற மாதிரி. எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து யோசிச்சானோ."

அந்தப் புண்ணியவான் அக்காவுக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆட்டத்தை வடித்தெடுக்கத் தங்கைக்கு ஒரு பிற்பகல் முழுக்கப் பிடித்திருந்தது. ரொம்ப வேகமாக ஆடினால் பயமுறுத்தும், மெதுவாக ஆடினால் சோம்பலாகத் தெரியும். கடைசியில் கொஞ்சம் தளர்ந்து நிற்க வேண்டும். அலுவலகத்தில் திரையில் போட்டுக் காட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா தலையை ஆட்டி நிறுத்தியபோதும் கடைசியில் அதே போலக் கொஞ்சம் தளர்ந்துதான் நிறுத்தினாள். தங்கை மிச்சச் சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினாள்.

தங்கையின் தொழில், பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் பயன்படுத்தும் செயலிகளுக்கு முகம் செய்வது. பொத்தான், பட்டியல், தேதி கேட்கும் கட்டம், எச்சரிக்கும் பெட்டி என்று தனித்தனித் துண்டுகளாகச் செய்து வைத்துவிடுவார்கள். காம்போனென்ட் என்று அதற்குப் பெயர். ஒரு தடவை செய்தால் போதும், யார் வேண்டுமானாலும் எடுத்து எந்தச் செயலியில் வேண்டுமானாலும் பொருத்திக்கொள்ளலாம். தச்சர் ஜன்னல் செய்து கடையில் வைப்பது போலத்தான். வாங்கிப் போகிறவன் அதைப் படுக்கையறையில் வைப்பானா, சிறையில் வைப்பானா என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

இந்தக் காரணப் பெட்டியை அவள் செய்தது ஒரு மருத்துவமனைக்காக. நோயாளிக்கு வேளைக்கு மருந்து கொடுக்காவிட்டால் ஏன் கொடுக்கவில்லை என்று செவிலியர் பதிய வேண்டும். பதியாமல் மூட விடக்கூடாது, ஏனென்றால் உயிர் விஷயம். நல்ல காரியம் செய்தோம் என்று அவளுக்குப் பெருமை. மறுநாள் அலுவலகத்தில் அந்தப் பெட்டி எங்கெங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். மருத்துவமனை ஓர் ஓரத்தில் கிடந்தது. மற்றதெல்லாம் கிடங்குகள், துணி ஆலைகள், தொலைபேசி அலுவலகங்கள். எல்லா இடத்திலும் கேள்வி ஒன்றுதான். தன் கையால் செய்த பொருள் ஊரில் இருக்கும் கழிப்பறைக் கதவுகளிலெல்லாம் காதை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். பட்டியலை மூடிவிட்டு நேராக மேலாளரிடம் போனாள்.

அவளுடைய மேலாளருக்கு அலுவலகத்தில் சர்க்கரை என்று பெயர். யார் என்ன சொன்னாலும் முதலில் "அருமை" என்பார். வீடு தீப்பற்றிவிட்டது என்றாலும் அப்படித்தான் சொல்வார் என்று பேச்சு.

"சார், நம்ம காரணப் பெட்டியைப் பாத்ரூம் போனதுக்குக் கணக்குக் கேட்கப் பயன்படுத்துறாங்க."

"அருமைம்மா. இதுக்குத்தானே காம்போனென்டா செஞ்சோம்? ஒண்ணைச் செஞ்சு எத்தனை இடத்துல வித்திருக்கோம் பாருங்க."

"அதனால ஒருத்தங்களுக்கு உடம்பே கெட்டுப்போச்சு சார்."

"அடப்பாவமே. யாருக்கு?"

அக்காவுக்கு என்று சொல்ல வாய்வரை வந்தது. மென்று விழுங்கிவிட்டு, தெரிந்தவர் ஒருவருக்கு என்றாள்.

"அப்போ அவங்க அவங்க மேனேஜர்கிட்ட மனசு விட்டுப் பேசணும். நாம பெட்டி செய்யறவங்கம்மா. பெட்டிக்குள்ள யாரு என்ன வைக்கிறாங்கன்னு நாம பார்க்கக் கூடாது" என்றார் சர்க்கரை. அவர் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பிடிக்காமல் தங்கை இருக்கைக்குத் திரும்பினாள்.

நேர்வழி அடைத்துவிட்டது, எனவே காதும் காதும் வைத்த மாதிரி ஒரு காரியம் செய்தாள். பெட்டி திறக்கும்போதே பட்டியலில் முதலில் இருக்கும் காரணம் தானாகத் தேர்வாகி நிற்கும்படி மாற்றினாள். விவரம் எழுதும் கட்டத்தைக் கட்டாயமில்லை என்று ஆக்கினாள். இனி எண்டரை ஒரு தட்டு தட்டினால் பெட்டி போய்விடும். தலையாட்டலுக்கு வேலையே இல்லை. அக்கா அலுவலகத்தின் பட்டியலில் முதல் வரி ‘கழிப்பறை’. எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் இதைச் செய்தாள். அந்த முதல் வரி என்றைக்கும் முதல் வரியாகவே இருக்கும் என்று நம்பினாள். அவள் செய்த தவறு அதுதான்.

எந்த மாற்றத்தையும் இன்னொருவர் படித்துச் சரி சொன்ன பிறகே உள்ளே விடுவது அங்கே விதி. படிக்க வேண்டியவருக்குக் கட்டைவிரல் என்று பட்டப்பெயர்; எதைக் கொடுத்தாலும் உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டு அனுப்புவார். படித்தீர்களா என்று அவரிடம் கேட்பது மரியாதை இல்லை. ‘விசைப்பலகையில் வேலை செய்பவர்களுக்கு வசதி’ என்று தங்கை எழுதியதற்கும் கட்டைவிரல் வந்தது. சர்க்கரை அருமை என்றார். மாற்றம் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

"அந்தப் பெட்டிக்கு நல்ல புத்தி வந்துடுச்சுடி" என்றாள் அக்கா, அடுத்த வாரம். "எண்டரைத் தட்டினா ஓடிடுது. நான் நிமிர்ந்துகூடப் பார்க்கறதில்ல." மேஜையில் பெரிய தண்ணீர்ப் பாட்டிலை வைத்து மடக்மடக்கென்று குடித்தாள். முகத்தில் தெளிவு வந்திருந்தது. தங்கைக்கு அன்றைக்குச் சோறு ருசித்தது. யாருக்கும் தெரியாமல் நல்லது செய்வதில் ஒரு திருட்டு இன்பம் இருக்கிறது, அதை வயிறார அனுபவித்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அந்த இன்பம் கசந்தது. ஒருநாள் அக்கா வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்துவிட்டாள். வேலை நேரத்தில் சொந்த வேலை பார்த்ததாக அவள்மீது விசாரணை. ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, எழுந்து போன ஒவ்வொரு தடவையும் சொந்த வேலை என்று அவளே பதிந்திருக்கிறாளாம். அவளோடு உட்காரும் பெண்கள் இரண்டு பேரை ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது.

"நான் எதுவுமே எழுதலையேடி. எண்டர்தானே தட்டினேன்" என்றாள் அக்கா. அத்தான் உள்ளே படுத்திருந்தார். அவர் இடுப்பு சரியாகி வேலைக்குப் போவது கனவில்தான். மகளுக்குக் கல்லூரியில் இன்னும் பாதி படிப்பு பாக்கி. அக்காவின் குடும்பம் மொத்தமும் அவளுடைய அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது.

தங்கை அலுவலகக் கணினியைத் திறந்து பார்த்தாள். பட்டியலில் முதல் வரி ‘சொந்த வேலை’. கழிப்பறை கடைசிக்குப் போயிருந்தது. பட்டியல் எப்படியோ தலைகீழாகிவிட்டது, அதைக் கவனிக்காமல் விட்டது தன் தவறு என்று நினைத்தாள். தூங்காமல் புரண்டுவிட்டு, காலையில் சர்க்கரையிடம் போய்த் தன் தவறு என்றே சொன்னாள். அன்றைக்கே அந்த வாடிக்கையாளருடன், அதாவது அக்கா வேலை பார்க்கும் நிறுவனத்துடன், திரைவழிக் கூட்டம் இருந்தது. வாங்க, நீங்களே பேசுங்க, வெளிப்படையா இருக்கறது நல்லது என்றார் சர்க்கரை. வாடிக்கையாளர் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று அவருக்கு நிச்சயம். தாமே முந்திக்கொண்டு சொன்னால் நல்ல பெயர் வரும்.

திரையில் வந்தவர் அக்கா அலுவலகத்தின் பணியாளர் துறை அதிகாரி. நரைத்த முடியை அழகாக வெட்டிக்கொண்ட, அமைதியான அம்மாள். கோப்பையில் எதையோ உறிஞ்சிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"பெட்டி திறக்கும்போதே முதல் காரணம் தானா தேர்வாகுதும்மா" என்றாள் தங்கை. "எண்டர் தட்டினா அதுதான் பதியும். ‘சொந்த வேலை’ எப்படியோ மேல வந்திருக்கு. அதனால அந்தப் பதிவெல்லாம் பொய். அதை வச்சு யார்மேலயும் நடவடிக்கை எடுத்திருந்தா..."

"எப்படியோ வரலை" என்றார் அம்மாள். "நான்தான் மேல இழுத்து வச்சேன்."

சர்க்கரை அருமை என்றுகூடச் சொல்லவில்லை.

"முதல்ல கழிப்பறைதான் மேல இருந்துச்சு. அறிக்கையைப் பார்த்தா எல்லாரும் அங்கேயே குடியிருக்கற மாதிரி இருந்துச்சு. அதை வச்சு யாரை என்ன கேட்க முடியும்? சட்டம் வந்து நிக்கும். சொந்த வேலைன்னா கேட்கலாம். பட்டியலை நாங்களே மேல கீழ நகர்த்தற வசதி நீங்க கொடுத்ததுதானே? ரொம்ப நல்லா இருக்கு. பிடிக்காதவங்க வேற காரணத்தைத் தேர்ந்தெடுத்துக்கலாம். நாங்க யாரு கையையும் கட்டி வைக்கலையே."

கூட்டம் நல்லபடி முடிந்தது. அம்மாள் புதிய வசதிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் தங்கையின் பெயரில் ஒரு புதிய வேலை வந்து உட்கார்ந்தது: பட்டியலை நகர்த்தாமலே, முதலில் எந்தக் காரணம் தேர்வாகி நிற்க வேண்டும் என்பதை வாடிக்கையாளரே தீர்மானிக்கும் அமைப்பு, எல்லா நிறுவனங்களுக்கும். கீழே சர்க்கரை எழுதியிருந்தார், உங்கள் யோசனையிலிருந்து பிறந்தது, வாழ்த்துகள்.

தங்கை எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கை கழுவினாள். சோப்பு போட்டு மறுபடி கழுவினாள். வாசனைத் திரவியம் தெளித்த, பூந்தொட்டி வைத்த கழிப்பறை. அங்கே எவ்வளவு நேரம் நின்றாலும் அவளை யாரும் எங்கே போனாய் என்று கேட்டதில்லை, கேட்கவும் போவதில்லை. அந்த அம்மாளின் மேல், சர்க்கரையின் மேல், கட்டைவிரலின் மேல் எல்லாம் வந்த அருவருப்பு கண்ணாடியில் தெரிந்த முகத்தின் மேல்தான் கடைசியில் வந்து நின்றது.

வீட்டில் அக்கா உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் சொன்னாள். "அக்கா, அந்தப் பெட்டியைச் செஞ்சது நான்."

"எந்தப் பெட்டி?"

"தலையாட்டுதே, அது. எண்டர் தட்டினா ஓடுதே, அதுவும் நான்தான். அது உனக்காகச் செஞ்சது. உங்க அதிகாரி அதுல புகுந்து விளையாடிட்டாங்க."

அக்கா கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். அதன்மேல் இன்னொன்றை வைத்தாள். "எனக்காகன்னு சொல்லாதே" என்றாள். "எனக்காகச் செஞ்சிருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பே. என்ன தட்டறோம்னு பார்த்துத் தட்டியிருப்பேன்."

தங்கை ஒரு துணியை எடுத்து மடிக்கப் போனாள். அக்கா அதை வாங்கித் தானே மடித்தாள்.

"நான் ஆடிக் காட்டினப்ப எல்லாரும் சிரிச்சாங்க. நீ சிரிக்கலை. உடம்புக்கு ஏதோ சரியில்லைன்னு நினைச்சேன், போடி." அக்காவின் குரல் உடைந்தது, ஆனால் அழவில்லை. "நாளைக்கு விசாரணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாமாம். நீ வா. பார்க்காம தட்டினேன்னு நான் சொன்னா, அதையே ஒரு குத்தமா எழுதிக்குவாங்க. செஞ்சவ சொன்னாதான் எடுபடும்."

போனால் தன் வேலைக்கு உலை என்று தங்கைக்குத் தெரியும். வாடிக்கையாளரின் அலுவலகத்துக்கே போய் வாடிக்கையாளருக்கு எதிராகப் பேசுபவளைச் சர்க்கரை இனிக்க இனிக்க வெளியே அனுப்புவார். வரேன்க்கா என்றாள். சொல்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, அந்தக் கொஞ்ச நேரத்தை அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

விசாரணை அறை கண்ணாடிச் சுவர் வைத்தது. வெளியே நீளமான கூடம்; வரிசை வரிசையாகப் பெண்களும் ஆண்களும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி அம்மாள் தங்கையைக் கண்டதும் புருவத்தைத் தூக்கினார்.

"உங்களை நேத்து கூட்டத்துல பார்த்தேனே?"

"ஆமாம்மா. இவங்க என் அக்கா."

"இங்க வந்தது உங்க கம்பெனிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுக்கும்."

அம்மாள் புன்னகை செய்து கணினியில் விசாரணைப் பதிவைத் தொடங்கினார். தேனொழுகத்தான் பேசினார். தங்கை விளக்கியதையெல்லாம் தலையசைத்துக் கேட்டுவிட்டு, ஆனா தட்டின விரல் உங்க அக்காவோடதுதானே என்று ஆரம்பத்துக்கே வந்தார். படிக்காமல் தட்டுவது எவ்வளவு பெரிய பொறுப்பின்மை, நாளைக்கு வாடிக்கையாளர் விஷயத்திலும் இப்படித்தானே தட்டுவீர்கள் என்றார். இதையே பல விதமாகச் சொன்னார். அக்கா மேஜையில் இருந்த தண்ணீரை ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். பாட்டில் காலியாகி வெகு நேரம் கழித்து எழுந்து நின்றாள்.

"எங்க போறீங்க? விசாரணை நடந்துக்கிட்டிருக்கு."

"மூத்திரம் போக" என்றாள் அக்கா. கதவைத் திறந்துவிட்டுத்தான் சொன்னாள். கூடத்தில் சில தலைகள் திரும்பின. அவள் நடந்து போய்விட்டாள்.

"என்ன பேச்சு இது, சே" என்று அம்மாள் முகத்தைச் சுளித்தார். விசாரணைப் பதிவை நிறுத்தி வைக்கும் பொத்தானை அழுத்தினார். உடனே ஒரு பெட்டி எழுந்து வந்து, அழைக்கப்பட்டவர் வெளியேறிய காரணம் என்ன என்று கேட்டது. எங்கே வேண்டுமானாலும் பொருத்தலாம் அல்லவா, இங்கேயும் அதே பட்டியலோடு பொருத்தி வைத்திருந்தார்கள். அம்மாள் தங்கையைப் பார்த்து, படிச்ச பொண்ணு நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா என்று பேசிக்கொண்டே எண்டரைத் தட்டினார்.

"இப்ப என்ன பதிஞ்சீங்கம்மா?" என்றாள் தங்கை.

"எதை?"

"எங்கக்கா எங்க போனாங்கன்னு."

அம்மாள் திரையைப் பார்த்தார். சொந்த வேலை என்று இருந்தது. "பழக்கத்துல தட்டிட்டேன்" என்றார். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கு உறைத்தது. மறுபடி பெட்டியைத் திறக்கப் பார்த்தார்.

"மாத்த முடியாதும்மா. பதிஞ்சது பதிஞ்சதுதான். அப்படித்தான் வேணும்னு கேட்டு வாங்கினீங்க. எங்கக்கா உங்க காதுல விழற மாதிரி சொல்லிட்டுத்தான் போனாங்க. கூடமே கேட்டுச்சு. கேட்ட கையோட நீங்க பொய் எழுதியிருக்கீங்க, நான் பார்த்தேன். எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்லுவேன்."

அம்மாள் கோப்பையை நகர்த்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மீண்டும் பேசியபோது குரலில் தேன் குறைந்து வேறு ஏதோ இருந்தது. "இந்த விசாரணையை இதோட முடிச்சுக்கலாம். உங்கக்கா வேலைக்கு ஒண்ணும் வராது. இந்த அறையில நடந்தது இங்கேயே இருக்கட்டும்."

"மத்தவங்க?"

"மத்தவங்களைப் பத்தி உங்களுக்கு என்ன? அவங்க உங்க அக்கா இல்லையே."

தங்கைக்கு உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது. அக்காவுக்கு வேலை இருக்கிறது, மகள் படிப்பாள், தன் வேலையும்கூடத் தப்பிக்கலாம். சரி என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. இத்தனை நாளில் அவள் பார்த்த எதையும்விட அந்த நிம்மதிதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது, ஆனாலும் அது போகவில்லை.

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றாள். "என்னடி முடிவு?"

"உனக்கு வேலை இருக்குக்கா. யார்கிட்டயும் எதுவும் சொல்லாம இருந்தா."

அக்கா அம்மாளைப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள், துணி மடிக்கும்போது பார்த்த அதே மாதிரி. பிறகு இருவருக்கும் முதுகைக் காட்டிக் கூடத்தின் பக்கம் திரும்பினாள். தொலைபேசியில் கத்துகிறவர்களுக்கு மேலே குரலை எடுத்துப் பழகியவள், கத்த வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை.

"எல்லாரும் கேளுங்க. அந்தப் பெட்டியில எண்டரைத் தட்டாதீங்க. அதுவா சொந்த வேலைன்னு போட்டுக்குது. அதை வச்சுத்தான் ரெண்டு பேரை அனுப்பினாங்க. கழிப்பறை கடைசியில இருக்கு. கீழ இறங்கிப் போய்ப் பார்த்துப் போடுங்க."

"நீங்க வேலையை இழக்கப் போறீங்க" என்றார் அம்மாள் பின்னாலிருந்து.

"வேலையை விட்டு எடுங்க. என்ன காரணம் போட்டு எடுக்கறீங்கன்னு பார்க்கறேன்."

அக்கா வரிசைகளுக்கு நடுவே நடந்து தன் இருக்கைக்குப் போய் உட்கார்ந்தாள். அவள் திரையில் பெட்டி காத்துக்கொண்டிருந்தது. அம்புக்குறிப் பொத்தானை ஒவ்வொரு தட்டாகத் தட்டி, கடைசியில் இருந்த கழிப்பறைவரை இறங்கிப் பதிந்தாள். பக்கத்திலிருந்தவள் எட்டிப் பார்த்தாள், அவளுக்குப் பின்னாலிருந்தவனும் எழுந்து நின்று பார்த்தான். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நெடுநேரமாகக் காத்திருந்த யாரோ ஒருவரிடம், வணக்கம், உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்டாள்.